கிணற்றுக்காரன் மகனும் 1,980 மீட்டர் ஆழத்துப் பூச்சியும்

போன மாதம் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு வீட்டில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். இப்படிக் கூப்பிட்டால் அநேகமாக மோட்டாரில் பிழை இருக்காது. கிணற்றின் அடியில், குழாயின் நுனியில் வலையோடு கிடக்கும் ஃபுட் வால்வில் ஏதாவது அடைத்திருக்கும். குழாயைத் தூக்கி வலையைப் பார்த்தேன். தென்னம் வேர், மணல், இரண்டு நத்தை ஓடு, கொழகொழவென்று கறுப்பாய் ஏதோ. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவி, திரும்ப இறக்கி, மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இருபத்தைந்து வருடமாகச் செய்கிற வேலை. கழுவி ஊற்றியது என்ன என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள். அவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள்.

"அப்பா, நீங்க இறங்கின கிணத்தில ஆக ஆழம் எவ்வளவு?"

"நாப்பது அடி இருக்கும். தம்பலகாமத்தில."

"அப்ப இதைக் கேளுங்க" என்று வாசிக்கத் தொடங்கினாள். கருங்கடல் ஓரத்தில், ஜோர்ஜியாவின் அப்காசியப் பகுதியில், அரபிக்கா என்கிற மலைத்தொகுதியில் ஒரு சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறது. அதற்குள் நிலமட்டத்திலிருந்து 1,980 மீட்டர் கீழே ஒரு பூச்சி நடமாடுவதைப் பார்த்திருக்கிறார்கள். கண் இல்லை, இறக்கை இல்லை. உடம்பு சில மில்லிமீட்டர்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாற்பது அடிக் கிணற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக நூற்று அறுபது தடவை வெட்டினால்தான் அந்த இடம் வரும். சோற்றில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமையாக இரவில் நானும் மகளும் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். அவள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லுவாள், நான் கேள்வி கேட்பேன். அந்தக் கேள்விகளும் பதில்களும்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆழம். குகையின் பெயர் க்ரூபெரா. அலெக்சாந்தர் க்ரூபர் என்ற ரஷ்யப் புவியியலாளரின் நினைவாக வைத்தது. 1960-ல் ஜோர்ஜிய நாட்டுக் குகை ஆய்வாளர்கள் அதன் வாயைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: வொரோன்யா, அதாவது காக்கைக் குகை. வாயில் இருக்கும் செங்குத்துக் குழியில் காகங்கள் கூடு கட்டியிருந்தனவாம். எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

குகை வாய் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 2,250 மீட்டரில், மலை உச்சிப் புல்வெளியில் இருக்கிறது. குகையின் ஆழமோ கிட்டத்தட்ட 2,200 மீட்டர். 2012-ல் கெனாடி சமோகின் என்ற உக்ரேனியர் அடியில் தண்ணீர் நிறைந்த பொந்துக்குள் மூழ்கிப் போய் 2,197 மீட்டரைத் தொட்டார். அதாவது அந்தக் குகையின் அடி கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கே வந்துவிடுகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு ஓட்டை போட்டு அதற்குள் இறங்கத் தொடங்கினால், திருகோணமலை உட்துறைமுகத்தின் மட்டத்துக்கு வந்த பிறகுதான் கால் தரையில் படும். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் காது அடைத்து, சுவெட்டர் போட்டு, நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் போகிற உயரம். அதைவிடக் கூடுதலான தூரம், செங்குத்தாக, இருட்டுக்குள், கயிற்றில்.

2,000 மீட்டரைத் தாண்டி ஒரு குகைக்குள் மனிதன் இறங்கியது முதல் தடவையாக 2004 ஒக்டோபரில், இதே குகையில், உக்ரேனியக் குழு ஒன்று. இறங்குவது ஒரு நாள் வேலை இல்லை. வழியில் பல மட்டங்களில் கூடாரம் அடித்து, சமைத்து, உறங்கி, திரும்ப இறங்குவார்கள். தொலைபேசிக் கம்பி இழுத்துக்கொண்டே போவார்களாம். இதே மலைத்தொகுதியில் இன்னொரு குகை, வெரியோவ்கினா. அது 2,200 மீட்டரைத் தாண்டியது என்று அளந்ததால், இப்போது முதலிடம் அதற்குத்தான். 2018 செப்டெம்பரில் அதன் அடிப்பக்கத்தில் ஒரு குழு முகாம் போட்டிருந்தபோது, மேலே பெய்த மழை வெள்ளமாய்க் குகைக்குள் இறங்கியது. கூடாரத்தையும் சாமானையும் போட்டுவிட்டு, ஏறிவரும் தண்ணீருக்கு முன்னால் கயிற்றில் ஏறித் தப்பினார்கள். இதை மகள் வாசித்தபோது என் உள்ளங்கை வியர்த்தது. கிணறு ஆழமாக்கும்போது ஊற்றுக்கண் திடீரென்று உடைத்து முழங்கால் வரைக்கும் ஏறிய தண்ணீரில் நின்றவன் நான். அந்த ஏற்றம் வந்தால் மேலே இருக்கிற வட்ட வெளிச்சத்தைத் தவிர மனிதனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. அவர்களுக்கு அந்த வட்டமும் இல்லை.

என் அப்பா கிணறு வெட்டுகிறவர். ஊர் யாழ்ப்பாணத்துப் புத்தூர். எழுபதுகளில் திருகோணமலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவர் போய் ஒன்பது வருடம். அவரிடம் ஒரு அரிக்கன் லாம்பு இருந்தது. வெளிச்சத்துக்கு இல்லை, காற்றுப் பார்ப்பதற்கு. கன நாள் மூடிக்கிடந்த கிணறென்றால் முதலில் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்குவார். சுடர் நின்றால் இறங்குவார். அணைந்தால் வேப்பங்கொப்பு ஒன்றை வெட்டிக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கி, உள்ளே கிடக்கும் காற்றைக் கலைப்பார். "லாம்பு அணைஞ்ச இடத்தில நீயும் அணைஞ்சிடுவாய்" என்று எனக்குப் பத்து வயதிலேயே சொல்லித் தந்தார். பாரமான காபனீரொட்சைட்டு அடியில் தேங்கி நிற்கும் என்பதை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. தம்பலகாமத்தில் நான் சொன்ன அந்த நாற்பது அடிக் கிணற்றில் பத்தாவது அடியிலேயே லாம்பு அணைந்தது. அன்று முழுக்க நாங்கள் இறங்கவில்லை. வீட்டுக்காரர் சத்தம் போட்டார். அப்பா பதில் சொல்லாமல் மரநிழலில் இருந்து பீடி குடித்தார்.

இதே காபனீரொட்சைட்டுதான் அந்தக் குகையையும் செய்திருக்கிறது என்று மகள் விளங்கப்படுத்தினாள். மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் இருக்கும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு குழாயாகிறது, குழாய் குகையாகிறது. ஒரு மனித வயதில் கண்ணுக்கே தெரியாத வேலை. நம் திருகோணமலைப் பாறையில் இப்படி நடக்காது. கோணேசர் மலையில் எத்தனை ஆயிரம் வருடம் மழை ஊற்றினாலும் கல் இப்படிக் கரைந்து போகாது, அது வேறு வகைக் கல். இங்கே சுண்ணாம்புக்கல்லின் உறவைப் பார்க்க வேண்டுமென்றால் புறாத்தீவுக் கரையில் வெள்ளையாய்க் குவிந்து கிடக்கும் செத்த பவளத்துண்டைக் கையில் எடுக்கலாம். அதுவும் அதே கல்சியம் காபனேற்றுத்தான். எங்கள் ஆச்சி வெற்றிலையில் தடவிய சிப்பிச் சுண்ணாம்பும் அதே பொருளைச் சுட்டு எடுத்தது. கடலுயிர் கட்டிய வீடு கல்லாகி, கல் மலையாகி, மலைக்குள் தண்ணீர் வழி வெட்டி, அந்த வழியில் இன்னொரு உயிர் போய்க் குடியிருக்கிறது. இதை எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

சரி, பூச்சிக்கு வருகிறேன்.

2010 கோடையில் க்ரூபெராவுக்குள் இறங்கிய குழுவோடு, போர்த்துக்கலைச் சேர்ந்த அனா சோபியா ரெபொலெய்ரா, ஸ்பெயினைச் சேர்ந்த அல்பேர்ட்டோ செந்திரா என்ற இரண்டு உயிரியலாளர்களும் போனார்கள். மற்றவர்கள் ஆழத்தைத் தேடிப் போக, இவர்கள் இரண்டு பேரும் ஈரக்கல்லையும் சேற்றையும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இரை வைத்த சின்னக் குழிப்பொறிகளை அங்கங்கே வைத்துப் பிடித்திருக்கிறார்கள். கிடைத்தவற்றை ஸ்பெயினின் நவார்ரா பல்கலைக்கழகத்தில் ஜோர்தானா, பக்கேரோ என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2012-ல் நான்கு புதிய இனங்களை விவரித்தார்கள். நான்கும் ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. விஞ்ஞானப் பெயர் கொலெம்போலா. ஆறு கால் உண்டு, ஆனாலும் பூச்சி வகுப்பில் சேர்க்காமல் பக்கத்து உறவாகத்தான் இப்போது வைக்கிறார்களாம். நான் பூச்சி என்றே எழுதுகிறேன்.

1,980 மீட்டரில் கிடைத்ததற்கு புளூட்டோமுரஸ் ஓர்டோபலகனென்சிஸ் என்று பெயர். குகை இருக்கிற பள்ளத்தாக்கின் பெயர் ஓர்டோபலகன், அதிலிருந்து வைத்தது. இன்னொன்றின் பெயர் ஷேஃபேரியா புரொஃபுண்டிஸ்ஸிமா, 'மிக ஆழமானது' என்று பொருள். மூன்றாவது அனுரிடா ஸ்டீரியோடொராட்டா. இருட்டில் மணத்தைப் பிடிப்பதற்கு அதற்குத் தனியான உறுப்பு இருக்கிறது. நான்காவதுக்குக் குகையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கொலெம்போலா என்றால் ஏதோ அந்நியப் பிராணி என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டிலேயே இருக்கிறது. மாரி மழை தொடங்கிக் கார்த்திகையில் பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஊசிமுனை அளவு புள்ளிகள், விரலை நீட்டினால் டக்கென்று துள்ளிவிடும். பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுக்குக் கீழே மடித்து வைத்த ஒரு கவை இருக்கிறது. கொளுவி வைத்த வில் மாதிரி. கொளுக்கி விட்டால் தரையில் அடித்து உடம்பைத் தூக்கி எறியும். மகள் ஒரு நாள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் உக்கின சருகை அள்ளி வெள்ளைக் காகிதத்தில் தட்டிக் காட்டினாள். நான் நாற்பத்தாறு வருடம் மிதித்துத் திரிந்த மண்ணில் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் கிடைத்த கல்லொன்றில் இவற்றின் மூதாதை ஒன்று அப்படியே பதிந்திருக்கிறது. வயது ஏறத்தாழ 40 கோடி வருடம். பூ பூக்கிற செடி உலகத்தில் வருவதற்கு எவ்வளவோ முன்னமே இவை சருகையும் பூஞ்சணத்தையும் தின்றுகொண்டு இருந்திருக்கின்றன.

இரண்டு வருடம் கழித்து, 2014-ல், அதே குகையிலிருந்து ஒரு வண்டையும் விவரித்தார்கள். டுவாலியஸ் அபிசிமஸ். இந்த வண்டுக்குக் கண் இருக்கிறது! முழுக்க முழுக்க இருட்டுக்குப் பழகின குகை வண்டுகளுக்குக் கண் இல்லாமலே போய்விடும். இதற்கு இன்னும் போகவில்லை. பாதி வழியில் நிற்கிற உயிர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மகளிடம் கேட்டேன், "வெளிச்சமே இல்லாத இடத்தில கண் என்னத்துக்கு?" என்று. அவள் சொன்னாள்: "அது அதோட பாட்டன்மார் விட்டுட்டுப் போன சொத்து அப்பா. இன்னும் செலவழிச்சு முடியேல்ல."

அங்கே என்ன சாப்பாடு? இதுதான் நான் கேட்ட கேள்விகளிலேயே என்னை உறங்கவிடாத கேள்வி. சூரியன் இல்லை, அதனால் செடி இல்லை. செடி இல்லாத இடத்தில் எது எதைத் தின்னும்? பதில், மேலேயிருந்து வருவதை. பனி உருகிய தண்ணீரும் மழையும் புல்வெளியிலிருந்து வடிந்து இறங்கும்போது இலைத்துண்டு, மண், மக்கு, செத்த பூச்சி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருகிறது. அதில் பூஞ்சணம் பிடிக்கிறது. பூஞ்சணத்தையும் உக்கலையும் இந்தப் பூச்சிகள் தின்கின்றன. பூச்சிகளை வண்டு தின்னும். நாம் அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிறோம். அந்த மலையில் காகம் வாயில் கூடு கட்டியிருக்கிறது. அதன் எச்சமும் இறகும் கூடத் தண்ணீரோடு கீழே போகுமே என்று நினைத்துக்கொண்டேன். கீழே போகப் போக அந்தச் சாப்பாடு குறைந்துகொண்டே வரும். 1,980 மீட்டரில் கைக்கெட்டுவது மிச்சத்தின் மிச்சம். அதை வைத்து ஒரு குலம் பிள்ளை பெற்று வாழ்கிறது.

கிணற்றுக்காரன் மகனுக்கு இதில் புதிதாய் ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம். மேலே இருப்பது கீழே வரும். அப்பா இதைத் தினமும் சொன்னார்.

அவர் சொன்ன கதை ஒன்று. புத்தூருக்குப் பக்கத்தில் நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமர் அம்பு எய்து தண்ணீர் வரவைத்தது என்று கதை. வற்றாத கிணறு, அடி தெரியாத கிணறு என்று ஊரில் பெயர். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். யாழ்ப்பாணத்து நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதனால் உள்ளே எல்லாம் பொந்தும் வழியும். "நிலாவரையில எலுமிச்சங்காய் போட்டால் கீரிமலைக் கேணியில மிதக்கும்" என்று அப்பா சொல்லுவார். போட்டுப் பார்த்தீங்களா என்று கேட்டால், அவருடைய பெரியப்பா பார்த்தவராம். நான் வளர்ந்த பிறகு இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டேன். அவர் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்லியும்விட்டேன்.

இப்போது மகள் வாசித்ததைக் கேளுங்கள். 1984-ல் அரபிக்கா மலையில் அலெக்சாந்தர் கிளிம்சுக் என்ற ஆய்வாளரின் குழு, உயரத்தில் இருக்கும் குகையொன்றின் தண்ணீருக்குள் சாயம் கரைத்து விட்டது. பிறகு கடற்கரை ஊற்றுகளில் காத்திருந்தார்கள். கருங்கடல் ஓரத்தில் ரெப்ருவா என்ற ஊற்றிலும், ஹொலோத்னயா ரேச்கா என்ற ஊற்றிலும் அந்தச் சாயம் வந்து சேர்ந்தது. மலை உச்சியில் ஊற்றியது பல கிலோமீட்டர் நிலத்துக்குக் கீழாலே ஓடி, கடல் மட்டத்தில் வெளியே வந்திருக்கிறது. அப்படியென்றால் இடையில் 2,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குத் தண்ணீர் வழி இருக்கத்தான் வேண்டும். மனிதன் போய்ப் பார்ப்பதற்கு இருபது வருடம் முன்னமே சாயம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன செய்தி அது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிற கீரிமலையை நினைத்தேன். எலுமிச்சங்காயை நினைத்தேன். அப்பா இருந்திருந்தால் இந்தப் பகுதியை மகளைக் கொண்டு இரண்டு தடவை வாசிப்பித்திருப்பேன்.

2004 ஒக்டோபர் என்று மேலே எழுதினேன். உக்ரேனியர்கள் 2,000 மீட்டரைத் தாண்டிய மாதம். அதற்கு இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 26, நம் கரைக்கு என்ன வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தை மாதம் முழுக்க அப்பாவும் நானும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கிணறு இறைத்தோம். சேறு, ஓலை, உடுப்பு, பாத்திரம், சில கிணற்றில் எழுத முடியாதவை. இறைத்துத் துப்புரவாக்கி நாவில் வைத்துப் பார்த்தால் உப்பு. இன்னும் இறைப்போம், இன்னும் உப்பு. இறைக்க இறைக்கக் கூடுகிறது என்று நாலாம் நாள் அப்பாதான் கண்டுபிடித்தார். மோட்டாரை நிறுத்தச் சொன்னார். "அடியில இருக்கிறதை நாமதான் மேல கூப்பிடுறம். விடு. மாரி வந்து கழுவட்டும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கடலோர நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலில் ஏடு மாதிரி மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் பாரம் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு அடியை இறைத்து எடுத்தால் கீழே நாற்பது அடிக்கு உப்பு மேலே வரப் பார்க்கும். பிறகு கரையோரக் கிணறுகளை ஆராய்ந்தவர்களும் அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அடுத்தடுத்த மாரிகள் வந்துதான் கிணறுகள் மெல்ல மெல்ல நாக்குக்கு இணங்கின.

இன்னொன்றையும் எழுத வேண்டும். சில வருடத்துக்கு முன்னம், ஊரில் ஒரு தெருவில் மூன்று வீட்டுக் கிணற்றில் மண்ணெண்ணெய் மாதிரி மணம். மோட்டாரில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மோட்டாரில் ஒன்றும் இல்லை. நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று கிணற்றில் விட்டிருந்த மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. தேடிப் போனால், தெருவின் மேட்டுப்பக்கத்தில் வாகனம் திருத்துகிற இடம் ஒன்றில் பின்னாலே ஒரு குழி வெட்டி, எரிந்த எண்ணெயை வருடக்கணக்காக அதற்குள் ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று எழுதப்போவதில்லை. கேட்டபோது, "மண் உறிஞ்சிடும்" என்று பதில் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். மண் உறிஞ்சினால் அது எங்கே போகும் என்று அவர் யோசிக்கவில்லை. அந்த மூன்று வீட்டாரும் இன்றைக்கும் குடிக்கிற தண்ணீரை வெளியிலிருந்துதான் எடுக்கிறார்கள். மணல் என்றால் கொஞ்சமாவது வடிக்கும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்பு வழியே ஊற்றினது ஊற்றினபடியே இறங்கிவிடும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று சேர்ந்திருப்பது அதனால்தான் அத்தனை பெரிய கவலை. அந்தக் குகைப் பூச்சியைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தக் குழிதான் கண்ணுக்குள் நிற்கிறது. இலைத்துண்டு போகிற அதே வழியில்தான் எண்ணெயும் போகும். அந்த அடியில் இருக்கிறவர்களுக்கு வேறு கடை இல்லை.

கடைசியாக, கிணறு வைத்திருக்கிற எல்லோரும் அறிய வேண்டிய ஒரு விஷயம். இதற்கெல்லாம் கருங்கடல் வரைக்கும் போகத் தேவையில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் கேரளத்தில், வீட்டுக் கிணறுகளுக்குள்ளே நிலத்தடி மீன்கள் இருக்கின்றன. கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த கண்ணில்லாத கெளிறு ஒன்றை 1950-லேயே விவரித்திருக்கிறார்கள், ஹொராக்லனிஸ் கிருஷ்ணாய் என்று. விரல் நீளம்கூட வராது, உள்ளே ஓடும் இரத்தம் தெரிகிற சிவப்பு. 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்த பிறகு, நிலத்துக்குக் கீழே வாழும் விறால் மாதிரியான நீள மீன் ஒன்று வயலில் ஒதுங்கிக் கிடந்தது. ஒருவர் அதைப் படம் பிடித்து முகநூலில் போட, ஆய்வாளர்கள் தேடிக்கொண்டு வந்து 2019-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு 2023-ல் இன்னொரு குருட்டுக் கெளிறு. அதற்கு ஹொராக்லனிஸ் பொப்புலி என்று பெயர். பொப்புலி என்றால் மக்களுடையது. குழாயில் வந்தது, வாளியில் வந்தது, தொட்டி கழுவும்போது வந்தது என்று பொதுமக்கள் சொன்ன தகவல்களை வைத்துத்தான் அந்த ஆராய்ச்சியே நடந்தது என்பதற்காக அப்படி வைத்தார்களாம். இதை வாசித்த இரவு நான் எழுந்து வெளியே போய் எங்கள் கிணற்றுக் கட்டில் கன நேரம் இருந்தேன். எத்தனை ஃபுட் வால்வைக் கழுவி ஊற்றியிருப்பேன். இரண்டாயிரம் இருக்குமா, மூவாயிரம் இருக்குமா.

அதனால் இப்போது மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒரு வெள்ளை எனாமல் பேசின் கொண்டு திரிகிறேன். வலையில் இருப்பதை முதலில் அதற்குள் தட்டி, அந்தக் கிணற்றுத் தண்ணீரே இரண்டு கோப்பை ஊற்றி, அசையாமல் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பார்ப்பேன். ஏதாவது நீந்தினால் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டு, திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிடுவேன். இதுவரை நுளம்புக் குடம்பி, நத்தைக் குஞ்சு, மீன்குஞ்சு, ஒரு தடவை உளுந்தில் பாதி அளவு இறால் மாதிரி ஒன்று. அது பக்கவாட்டில் ஓடியது. மகள் அந்தப் படத்தைத் தன் உயிரியல் ஆசிரியையிடம் காட்டியிருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை நிலாவெளியில் ஒரு வீடு. எழுபது வயதிருக்கும் அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, மோட்டர்ல பிழையா?"

"மோட்டர் நல்லம் அம்மா. இது உங்கட கிணத்தில இருந்து வந்தது. ஆர் ஆர் இருக்கினம் என்டு பார்க்கிறன்."

கொஞ்ச நேரம் அவரும் பேசினைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டோர்ச் லைட்டோடு திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார்.